மின்சார கார், பெட்ரோல் கார்: பத்தாண்டுச் செலவுக் கணக்கு

ஒரு காரின் விலை வேறு, அதை வைத்திருக்க ஆகும் செலவு வேறு. ஷோரூம் விலையுடன் சாலை வரி, இன்சூரன்ஸ், எரிபொருள், சர்வீஸ், கடன் வட்டி எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் விற்கும்போது கைக்கு வரும் தொகையைக் கழித்தால் மிஞ்சுவதே உண்மையான செலவு. பெட்ரோல் காரில் இந்தப் பணம் பங்க்கில் நிற்கும்போதெல்லாம் சிறுகச் சிறுகப் போகிறது. மின்சார காரில் பெரும்பகுதி வாங்கும் நாளிலேயே போய்விடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டுமானால், எட்டு அல்லது பத்து ஆண்டுகளையாவது கணக்கில் எடுக்க வேண்டும்.

நான்கு மீட்டருக்குட்பட்ட சிறிய எஸ்யூவி ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும். டாடா நெக்ஸான் போல ஒரே உருவத்தில் இரண்டு வகையிலும் கிடைக்கும் கார்கள் சந்தையில் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட பெட்ரோல் வகையின் ஷோரூம் விலை பத்தரை லட்சம், மின்சார வகையின் விலை 14 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மின்சார காரில் கியர் மாற்றும் வேலை இல்லை. அதனால் அதை ஆட்டோமேட்டிக் பெட்ரோல் காருடன் ஒப்பிடுவதே நியாயம். மலிவான மேனுவல் வகையை எதிரில் நிறுத்தினால் வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இந்த மூன்றரை லட்சம் வித்தியாசத்துக்குள் வரிக் கொள்கை ஒளிந்திருக்கிறது. மின்சார கார்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் முதல் 5 விழுக்காடு. சிறிய பெட்ரோல் கார்களுக்கு அது 2025 செப்டம்பர் 21 வரை 28 விழுக்காடும் அதன்மேல் செஸ்ஸுமாக இருந்தது, இப்போது 18 விழுக்காடு. வரியை நீக்கிப் பார்த்தால், பத்தரை லட்சம் காரின் அடக்க விலை 8 லட்சத்து 90 ஆயிரம், 14 லட்சம் காரின் அடக்க விலை 13 லட்சத்து 33 ஆயிரம். இடைவெளி உண்மையில் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். அதில் ஏறக்குறைய ஒரு லட்சத்தை ஜிஎஸ்டி மூடுகிறது.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு. பத்தரை லட்சம் பெட்ரோல் காருக்கு இது 1 லட்சத்து 89 ஆயிரம் ரூபாய். மாநிலத்தின் 2023-ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை மின்சார கார்களுக்கு இந்த வரியை முழுவதுமாக விலக்கியது. விலக்கோடு வாங்கியவருக்கு, மூன்றரை லட்சமாகத் தெரிந்த இடைவெளி 1 லட்சத்து 61 ஆயிரமாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டில் சார்ஜ் செய்வதற்கான வயரிங், எர்த்திங், தனி பிளக் பாயின்ட் ஆகியவற்றுக்கு 30 ஆயிரம் ஒதுக்கினால், பதிவு எண் வாங்கும் நாளில் மின்சார காருக்குக் கூடுதலாகக் கொடுப்பது 1 லட்சத்து 91 ஆயிரம். இந்தத் தொகை திரும்பி வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதுதான் மீதிக் கதை முழுவதும்.

எரிபொருளில்தான் மின்சார கார் முந்துகிறது. அதற்குக் காரணம் மின்சாரம் மலிவு என்பது மட்டுமன்று. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் அதில் சுமார் நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. மீதி ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாக வெளியேறுகிறது. மின்மோட்டாரோ தனக்கு வந்த ஆற்றலில் ஒன்பதில் எட்டுப் பங்குக்கும் மேலாக வேலையாக மாற்றிவிடும். அனல்மின் நிலையத்திலும் நிலக்கரியின் ஆற்றல் பெருமளவு வீணாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இழப்பின் விலை யூனிட் கட்டணத்திலேயே சேர்ந்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், மின்மோட்டார் நின்றுவிடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். நகர நெரிசலில் பெட்ரோல் காரின் மைலேஜ் சரிவதும் மின்சார காரின் மைலேஜ் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்.

ரூபாயில் பார்ப்போம். சென்னையில் பெட்ரோல் விலை 2021-இல் முதன்முறையாக 100 ரூபாயைத் தொட்டது. அதன் பிறகு அந்த அளவை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. நகரமும் புறவழியும் கலந்த ஓட்டத்தில் இத்தகைய கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தந்தால், கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 14 காசு ஆகும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையவே செய்யும். மின்சார கார், சார்ஜ் ஆகும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 6 கிலோமீட்டர் தரும் என்று கொள்ளலாம்.

அந்த யூனிட்டின் விலை என்ன என்பதில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கே வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம், அதன் பிறகு படிப்படியாக விலை ஏறும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் மின்சார கார், இரண்டு மாதத்தில் 333 யூனிட் இழுக்கும். ஏற்கெனவே 300 யூனிட் செலவழிக்கும் வீடு 633-க்குப் போகும். 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டணம். 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகை விலையும் பறிபோகும். எனவே காருக்கான மின்சாரத்தை வீட்டின் சராசரிக் கட்டணத்தில் கணக்கிடுவது தவறு. பில்லில் கார் வந்தபின் கூடிய தொகையைத்தான் பார்க்க வேண்டும். அது யூனிட்டுக்கு 7 முதல் 8 ரூபாய் வரை வரும். ஏசி ஓயாமல் ஓடி 1,000 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் 11 ரூபாய்க்கு மேல் ஆகும். இருந்தும் கிலோமீட்டருக்கு 2 ரூபாயைத் தாண்டாது. ஏழரை ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 25 காசு.

கூரையில் சூரிய மின்தகடு பொருத்திய வீடுகளில் இது இன்னும் இறங்கும். 3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். அதற்கு மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78 ஆயிரம் ரூபாய் மானியமும் இருக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு நாளொன்றுக்குத் தேவை ஆறு யூனிட்டுக்கும் குறைவு.

பொதுச் சார்ஜிங் நிலையத்தில் கதை வேறு. அங்கே யூனிட்டுக்கு 15 முதல் 25 ரூபாய் வரை வாங்குகிறார்கள், 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. 22 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 70 காசு, வீட்டுச் செலவைப் போல மூன்று மடங்கு. நெடுஞ்சாலையில் இரண்டு கார்களின் இயல்பும் தலைகீழாகிறது. சென்னையிலிருந்து மதுரைக்குச் சீரான வேகத்தில் போகும் பெட்ரோல் கார் லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் தரும். காற்றை எதிர்த்து நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் மின்சார காருக்கு யூனிட்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம், சார்ஜ் செய்வதும் வழியிலுள்ள நிலையத்தில். அப்போது கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ரூபாய்தான். மின்சார காரின் சேமிப்பு வீட்டு வாசலிலும் நகரத் தெருவிலும் விளைவது. ஊர் ஊராகப் போகிறவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

சர்வீஸ் செலவில் வித்தியாசம் நிச்சயம் உண்டு, ஆனால் விளம்பரங்கள் காட்டும் அளவுக்கு இல்லை. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் எதுவும் மின்சார காரில் கிடையாது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேட் நீண்ட நாள் உழைக்கும். பிரேக் ஃப்ளூயிட், பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட், ஏசி ஃபில்டர், சஸ்பென்ஷன், விளக்குகளுக்கான 12 வோல்ட் சிறு பேட்டரி ஆகியவற்றைக் கவனிக்கத்தான் வேண்டும். டயர் சற்று முன்னதாகவே தேயும். பேட்டரியால் வண்டியின் எடை கூடுதல், கால் வைத்தவுடன் பாயும் மோட்டாரின் இழுவிசையும் அதிகம். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2021-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, பராமரிப்புச் செலவை மைலுக்குப் பெட்ரோல் காரில் 10.1 சென்ட், மின்சார காரில் 6.1 சென்ட் என்று மதிப்பிட்டது. அதாவது மின்சார காருக்கு ஆவது ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. இந்தியச் சிறிய கார்களில் ஆண்டுக்கு 9 ஆயிரம், நாலரை ஆயிரம் என்று கொண்டால் பத்தாண்டில் மிச்சம் 45 ஆயிரம். எரிபொருள் சேமிப்போடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

இன்சூரன்ஸ் அந்த மிச்சத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்வாகனங்களுக்கு 15 விழுக்காடு தள்ளுபடி என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. ஆனால் அந்தக் கட்டணம் பெட்ரோல் காருக்கு இன்ஜினின் சிசி அளவிலும், மின்சார காருக்கு மோட்டாரின் கிலோவாட் அளவிலும் நிர்ணயிக்கப்படுகிறது. 1,000 முதல் 1,500 சிசி வரையிலான பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டார் உள்ள மின்சார காருக்கு 6,712 ரூபாய். இன்றைய மின்சார எஸ்யூவிகளில் பல இந்த எல்லையைத் தாண்டியவை, ஆகையால் தள்ளுபடிக்குப் பிறகும் கட்டணம் இரட்டிப்பாகத்தான் நிற்கிறது. சொந்தச் சேதக் காப்பீடு காரின் மதிப்பைப் பொறுத்தது, அதிலும் மின்சார கார்தான் அதிகம் கட்டும். பேட்டரிக்கான கூடுதல் காப்பீட்டை இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் கார்கள் நீரில் மூழ்கியதை நினைத்தால், பெட்ரோல் கார்க்காரர் இன்ஜின் பாதுகாப்பையும் மின்சார கார்க்காரர் பேட்டரி பாதுகாப்பையும் சேர்த்தே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். மொத்தத்தில் மின்சார காருக்குப் பத்தாண்டில் 70 ஆயிரம் கூடுதல் என்று வைக்கலாம்.

எல்லாவற்றையும் கூட்டினால் கிடைக்கும் படம் இது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர், பத்தாண்டில் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர். பெட்ரோல் கார் வரியுடன் 12 லட்சத்து 39 ஆயிரம், பெட்ரோலுக்கு 8 லட்சத்து 57 ஆயிரம், சர்வீஸுக்கு 90 ஆயிரம், ஆக 21 லட்சத்து 86 ஆயிரம். மின்சார கார் வயரிங்குடன் 14 லட்சத்து 30 ஆயிரம், ஐந்தில் நான்கு பங்கு வீட்டிலும் மீதி வெளியிலும் சார்ஜ் செய்வதாகக் கொண்டால் மின்சாரத்துக்கு 2 லட்சத்து 8 ஆயிரம், சர்வீஸுக்கு 45 ஆயிரம், கூடுதல் இன்சூரன்ஸ் 70 ஆயிரம், ஆக 17 லட்சத்து 53 ஆயிரம். வித்தியாசம் 4 லட்சத்து 33 ஆயிரம். முதலில் கூடுதலாகக் கொடுத்த பணம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும்போது திரும்பிவிடுகிறது. அந்தக் கூடுதல் தொகை கடனாக வாங்கப்பட்டிருந்தால், 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்கு இன்னும் 45 ஆயிரத்தை ஒட்டி ஆகும். மீளும் நாள் சில மாதங்கள் தள்ளிப்போகும்.

மறுவிற்பனை மதிப்பு இன்னும் இதில் சேரவில்லை. கார் வைத்திருப்பதில் கண்ணுக்குத் தெரியாத பெருஞ்செலவு தேய்மானம்தான். பத்தாண்டான பெட்ரோல் காருக்கு இரண்டரை லட்சம் கிடைக்கும், மின்சார காருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது என்று மோசமான நிலையை எடுத்துக்கொண்டாலும் மின்சார கார் 1 லட்சத்து 83 ஆயிரம் முன்னிலையில் இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் முடிவும் மாறும். வீட்டில் சார்ஜ் செய்ய இடமில்லாமல் முழுக்க முழுக்கப் பொது நிலையத்தை நம்பினால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். சாலை வரி விலக்கு இல்லையென்றால் 14 லட்சம் காருக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் வரி சேரும், பெட்ரோல் கார் 70 ஆயிரத்தை ஒட்டி மலிவாகும். மாதம் 400 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் குடும்பத்துக்குப் பெட்ரோல் கார் ஏறக்குறைய 2 லட்சம் மிச்சம். வார இறுதியில் கோயிலுக்கும் கடைக்கும் எடுக்கும் கார் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்று பொருளாதாரம் சொல்லவில்லை. நாள்தோறும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்பும் கார் என்றால் நிச்சயம் சொல்கிறது.

அரசுச் சலுகைகள் நிரந்தரமானவை என்று எண்ணிக் கணக்குப் போடுவது ஆபத்து. மின்வாகனக் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு தந்த 80இஇபி பிரிவு, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே பொருந்தியது. வாங்கும் தேதியில் எந்தச் சலுகை நடைமுறையில் இருக்கிறது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

வாங்குவோரின் உண்மையான அச்சம் பேட்டரி பற்றியது. அது நியாயமான அச்சமும்கூட. காரின் விலையில் பெரும்பங்கு அதற்கே போகிறது. வாரண்டி முடிந்தபின் முழுப் பேட்டரியையும் மாற்ற நேர்ந்தால் பல லட்சம் ஆகும், மேலே பார்த்த சேமிப்பு முழுவதும் கரைந்துபோகும். அப்படி நேரும் வாய்ப்பு எவ்வளவு? கனடாவின் ஜியோடாப் நிறுவனம் ஆயிரக்கணக்கான மின்வாகனங்களின் தரவை ஆராய்ந்து, பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுக்குச் சராசரியாக 2 விழுக்காட்டை ஒட்டிக் குறைவதாகக் கண்டது. அந்த வேகத்தில் பத்தாண்டில் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சும். 300 கிலோமீட்டர் ஓடிய கார் 240 ஓடும்.

அந்தச் சராசரியை வெப்பம் மாற்றிவிடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிசான் லீஃப் வாங்கியவர்கள், ஓரிரு ஆண்டிலேயே பேட்டரி கணிசமாகத் தேய்ந்ததாக 2012-இல் புகார் செய்தார்கள். அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, அரிசோனாவின் பாலைவன வெயிலுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. அதன் பின்னர் திரவத்தால் குளிர்விக்கப்படும் பேட்டரிகள் பரவலாயின. மே மாதத்து வேலூரிலும் திருச்சியிலும் கார் வைத்திருப்பவர் இந்த அம்சம் இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். இந்தியாவில் பெரிதும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி, நிக்கல் வகையைவிட எடை கூடியது என்றாலும் வெப்பத்தையும் பலமுறை சார்ஜ் செய்வதையும் அதிகம் தாங்கும். அதிவேக சார்ஜரை நாள்தோறும் பயன்படுத்தாமல் வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுவதும் மெதுவாக ஏற்றுவது பேட்டரிக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

உற்பத்தியாளர்கள் இந்த அச்சத்தைப் போக்க எட்டாண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் வாரண்டியை வழக்கமாக்கினார்கள். இப்போது சில மாடல்களுக்கு வாழ்நாள் வாரண்டியே தருகிறார்கள். பேட்டரியை விற்காமல் வாடகைக்கு விடும் முறையும் வந்திருக்கிறது. எம்ஜி நிறுவனம் 2024 செப்டம்பரில் வின்ட்சர் காரை 9 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய்க்கும், பேட்டரி வாடகையைக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கும் அறிமுகம் செய்தது. முதல் விலை குறைவது கவர்ச்சிதான். ஆனால் வாடகையோடு வீட்டு மின்சாரத்தையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 75 காசு. பொது நிலையத்தில் சார்ஜ் செய்தால் 7 ரூபாய் 20 காசு, பெட்ரோலுக்கு இணை. குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை லாபம், அதிகம் ஓட்டுபவருக்குப் பேட்டரியைச் சொந்தமாக வாங்குவதே லாபம். ஒப்பந்தத்தில் மாதம் குறைந்தபட்சத் தூரத்துக்கான கட்டணம் உண்டா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

சிஎன்ஜி காரையும் மறந்துவிடக் கூடாது. ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் ஓடுவதால் அதன் செலவு கிலோமீட்டருக்கு 4 ரூபாயை ஒட்டி வரும், காரின் விலையும் பெட்ரோல் காரைவிட ஒரு லட்சம் அளவுக்கே கூடுதல். வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாத, ஆனால் நிறைய ஓட்டுகிற ஒருவருக்கு, அருகில் நிலையம் இருந்தால், மின்சார காரைவிட அது பொருத்தமான தேர்வு.

மின்சார கார்களின் சந்தையில் தேய்மானம் இன்னும் நிலைகொள்ளவில்லை. புதிய மாடல்கள் அதிக தூரத்தோடும் குறைந்த விலையோடும் வந்துகொண்டே இருப்பதால் பழைய மின்சார கார்களின் மதிப்பு வேகமாகச் சரிகிறது. ப்ளூம்பெர்க் என்இஎஃப் கணக்கின்படி, உலகச் சராசரி பேட்டரி விலை 2010-இல் கிலோவாட் மணிக்கு ஆயிரம் டாலருக்கும் மேலாக இருந்து 2024-இல் 115 டாலராக இறங்கியது. புதியது மலிவாகும்போது பழையதின் விலையும் கூடவே இறங்கும். அமெரிக்க வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ் 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சார கார்களை விற்கப்போவதாக அறிவித்து, அதற்காக 24 கோடியே 50 லட்சம் டாலர் தேய்மானத்தைக் கணக்கில் எழுதியது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கார் மாற்றும் பழக்கமுள்ளவர் மின்சார காரில் இழப்பது இதனால்தான் அதிகம். எரிபொருளில் மிச்சமான பணம் கைக்கு வருவதற்குள், விற்கும் விலையில் அது போய்விடுகிறது.

ஒருவருக்கு நேரும் இந்த இழப்பு, பழைய காரை வாங்கும் இன்னொருவருக்கு ஆதாயம். மூன்றாண்டு ஓடிய மின்சார காரில் முதல் உரிமையாளர் தேய்மானத்தின் பெரும்பகுதியை ஏற்றுவிட்டார், எட்டாண்டு வாரண்டியில் ஐந்தாண்டு மீதம் இருக்கிறது, கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் என்ற செலவு மாறவில்லை. வாங்குமுன் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் வண்டியை ஓட்டிப் பார்த்து உண்மையான தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றில் தேட வேண்டும். வியாபாரியிடம் வாங்கினால், 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் முடிவுப்படி, அவருடைய லாப விளிம்பின்மீது 18 விழுக்காடு வரி உண்டு. தனி நபரிடம் நேரடியாக வாங்கினால் அந்த வரி கிடையாது. வாழ்நாள் வாரண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே உரியது, பெயர் மாறியதும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கும் கிலோமீட்டருக்கும் சுருங்கிவிடும். எனவே விலை பேசுவதற்கு முன், பெயர் மாற்றத்துக்குப் பிறகு எஞ்சும் வாரண்டி எவ்வளவு என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.